ரோட்டரி ஃபவுண்டேஷனுக்கு உறுப்பினர்களிடம் எப்படிக் கேட்பது? புதிய ஃபவுண்டேஷன் சேர்மனுக்கு ஒரு வழிகாட்டி

ஜூலையில் பதவியேற்பு விழா முடிந்த கையோடு தலைவருக்கும் செயலாளருக்கும் வேலைகள் வரிசைகட்டி வந்து நிற்கும். ரோட்டரியின் உலகளாவிய அறநிதியான ஃபவுண்டேஷனுக்குச் சங்கத்தில் நன்கொடை சேர்க்கும் சேர்மனாகப் பொறுப்பேற்றவருக்கோ பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் சொல்லப்படும்: “ஆளுக்கு நூறு டாலர் வாங்கிடுங்க சார்.” யாரிடம், எப்போது, என்ன சொல்லி வாங்குவது என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. தமிழ்நாட்டு ரோட்டரி சங்கங்களில் முதல்முறையாக இந்தப் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இத்தனை ஆண்டு சங்க வாழ்க்கையில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். ஃபவுண்டேஷனுக்கு இதுவரை கொடுக்காத உறுப்பினர்களில் மறுத்தவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களிடம் யாரும் நேரில் போய், விவரம் சொல்லி, கேட்டதே கிடையாது. கூட்டத்தில் மைக்கில் அறிவித்திருப்பார்கள், வாட்ஸ்அப் குழுவில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டிருப்பார்கள். அதெல்லாம் கேட்டதாக ஆகாது. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாமே, ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துக் கேட்பதற்கான ஏற்பாடுகள்தான்.

பணம் எங்கே போகிறது என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

வரலாறு கொஞ்சம் தெரிந்தால் போதும். 1917இல் அட்லாண்டாவில் நடந்த மாநாட்டில், அப்போதைய ரோட்டரித் தலைவர் ஆர்ச் கிளம்ஃப், உலகில் நன்மை செய்வதற்கென்று ஒரு நிதியை ஏற்படுத்தலாம் என்றார். அடுத்த ஆண்டு அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி கிளப் அனுப்பியது. 1947 ஜனவரியில் ரோட்டரியின் நிறுவனர் பால் ஹாரிஸ் காலமானபோது, மலர் வளையங்களுக்குப் பதிலாக இந்த நிதிக்குக் கொடுங்கள் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது. அதன்பிறகுதான் நன்கொடை உலகெங்கிலுமிருந்து குவிந்தது. புது உறுப்பினரிடம் பேசும்போது இந்த 26 டாலர் 50 சென்ட் கதை நன்றாக எடுபடும். சிறிய தொகையைக் கொடுக்கக் கூச்சப்படுகிறவருக்கு அது தைரியம் கொடுக்கும்.

வரலாற்றைவிட முக்கியம் கணக்கு. ஃபவுண்டேஷனில் மூன்று பெரிய நிதிகள் உண்டு: ஆண்டு நிதி, போலியோ ஒழிப்புக்கான போலியோ பிளஸ், நிரந்தர வைப்பு நிதி. உங்கள் வேலையில் பெரும்பகுதி முதல் இரண்டைச் சுற்றியே இருக்கும்.

ஆண்டு நிதியில் ‘ஷேர்’ என்ற ஏற்பாட்டின்கீழ் கொடுக்கும் பணம் மூன்றாகப் பிரிகிறது. ஐந்து சதவீதம் நிர்வாகச் செலவுக்கு. மீதியில் சரிபாதி உலக நிதிக்கு, சரிபாதி நம் டிஸ்ட்ரிக்ட்டின் (பல கிளப்புகள் சேர்ந்த ரோட்டரி மாவட்டம்) பெயரில் ஒதுக்கப்படும். இந்த டிஸ்ட்ரிக்ட் பங்கைத்தான் டி.டி.எஃப். என்பார்கள். பணம் மூன்று ஆண்டு முதலீட்டில் இருந்துவிட்டு, நான்காம் ஆண்டு செலவுக்கு வரும். முப்பது பேர் கொண்ட கிளப் ஆளுக்கு 100 டாலர் கொடுத்தால் மொத்தம் 3,000. நிர்வாகத்துக்கு 150, உலக நிதிக்கு 1,425, டி.டி.எஃப்.புக்கு 1,425. இதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் பேசினாலும் இந்தத் தாள் வெளியே வரவேண்டியிருக்கும்.

சரி, அந்த 1,425 டாலரை வைத்து என்ன செய்வது? தனியாக ஒன்றும் பெரிதாக நடக்காது. ஆனால் குளோபல் கிராண்ட் என்ற திட்ட உதவித்தொகை வழியில் அது பெருகும். குளோபல் கிராண்ட்டுக்குக் குறைந்தபட்ச பட்ஜெட் 30,000 டாலர். திட்டம் நடக்கும் ஊரின் கிளப் ஒன்றும் வேறு நாட்டு கிளப் ஒன்றும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். திட்டத்துக்கு வரும் டி.டி.எஃப். பணத்துக்கு உலக நிதி 80 சதவீதம் சேர்த்துத் தரும். இரண்டு டிஸ்ட்ரிக்ட்டுகளும் சேர்ந்து 16,700 டாலர் போட்டால் உலக நிதி 13,360 தரும், 30,060 ஆகிவிட்டது. ஒரு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் கருவிகள், ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் குடிநீரும் கழிப்பறையும் இந்த வழியில்தான் வருகின்றன. உங்கள் கிளப்போ பக்கத்து கிளப்போ முடித்த கிராண்ட் திட்டம் ஒன்று கட்டாயம் அருகிலேயே இருக்கும். எங்கே இருக்கிறது என்று டிஸ்ட்ரிக்ட் ஃபவுண்டேஷன் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போலியோவைப் பற்றிச் சொல்ல நம்மிடம் நேரடி அனுபவமே இருக்கிறது. 1985இல் ரோட்டரி போலியோ பிளஸ்ஸைத் தொடங்கியது. இந்தியாவில் 1995 முதல் பல்ஸ் போலியோ முகாம்கள் நாடு முழுக்க நடந்தன. இப்போது ஐம்பது வயதைத் தாண்டிய உறுப்பினர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தவர்கள். ஐஸ் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்து, குழந்தையின் கன்னத்தை லேசாக அழுத்தி இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரல் நகத்தில் மை வைத்து அனுப்பியவர்கள். 2011 ஜனவரி 13ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவின் கடைசி காட்டு வைரஸ் (இயற்கையாகப் பரவும் வைரஸ்) போலியோ. 2014 மார்ச்சில் நம் நாட்டுக்கும் போலியோ ஒழிந்த சான்று கிடைத்தது. இலங்கையில் போர் நடந்த காலத்தில், தடுப்பு மருந்து நாட்களுக்காகச் சண்டையை நிறுத்தவைக்க யுனிசெஃப்புடன் சேர்ந்து பேச்சு நடத்திய குழுவுக்குத் தலைமை வகித்தவர் கே.ஆர். ரவீந்திரன்; பின்னாளில் 2015–16இல் உலக ரோட்டரித் தலைவராகவும் ஆனார். இன்று பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டும் காட்டு வைரஸ் பரவல் அறுபடாமல் இருக்கிறது. போலியோ நிதிக்கு ரோட்டரி கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் சேர்க்கிறது, ஆண்டுக்கு ரோட்டரி தரும் 5 கோடி டாலர் வரைக்கும்.

பட்டியல் போடுங்கள்

மை ரோட்டரி இணையதளத்தில் உங்கள் கிளப்புக்கான நன்கொடை அறிக்கைகள் இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர், ஃபவுண்டேஷன் சேர்மன் ஆகியோர் அவற்றைப் பார்க்கலாம். உங்கள் பெயர் அங்கே சேர்மனாகப் பதிவாகவில்லையென்றால் முதல் வாரமே செயலாளரிடம் சொல்லிப் பதியவையுங்கள்.

ஒவ்வொருவரும் இதுவரை மொத்தம் எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்பது அதில் தெரியும். மூன்று வகையினர் உடனே கண்ணில் படுவார்கள். முதலில், 700, 850 என்று வந்து நின்றுவிட்டவர்கள். மொத்தம் 1,000 டாலரை எட்டினால் ஒருவருக்குப் பால் ஹாரிஸ் ஃபெலோ, அதாவது பி.எச்.எஃப். என்ற கௌரவம் கிடைத்துவிடும். அவ்வளவு பக்கத்தில் நிற்பது பலருக்குத் தெரியவே தெரியாது. சொன்னால் போதும், முடித்துவிடுவார்கள். அடுத்தது, என்றைக்கோ பி.எச்.எஃப். ஆகிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள். மூன்றாவது, பெயருக்கு எதிரே பூஜ்யம் உள்ளவர்கள். இவர்களில் பெரும்பாலோர் கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் சேர்ந்த இளையவர்களாக இருப்பார்கள். உங்கள் நேரத்தில் பாதியை இவர்களுக்கு ஒதுக்குங்கள்.

அந்தப் பட்டியலில் ‘பாயின்ட்’ என்று ஒரு வரிசையும் இருக்கும். ஆண்டு நிதிக்கோ போலியோவுக்கோ கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு பாயின்ட். பழைய உறுப்பினர்களிடம் ஆயிரக்கணக்கில் பயன்படாமல் கிடக்கும். குறைந்தது நூறு பாயின்ட்டாக அதை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். “தம்பி, நீ 500 டாலர் கொடு, மீதி 500 பாயின்ட்டை நான் தர்றேன்” என்று ஒரு மூத்த உறுப்பினர் சொல்ல வைத்தீர்களானால், ஒரு புது பி.எச்.எஃப். உருவாகிவிடுவார். மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே ஓர் உறவும் உண்டாகும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் வழி வேறில்லை.

கேட்பதற்கு முன் நீங்கள் கொடுத்துவிடுங்கள்

தொகை முக்கியமில்லை. உங்கள் வசதிக்கு ஏற்ற தொகை போதும். ஆனால் ஜூலையிலேயே கொடுத்துவிடுங்கள், தலைவரையும் போர்டு உறுப்பினர்களையும் கொடுக்க வையுங்கள். “நீங்க குடுத்துட்டீங்களா?” என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்ல முடியாதவர் அடுத்த வாக்கியத்தைப் பேச முடியாது.

நேரில் போய்ப் பேசுவது

தொலைபேசியில் நேரம் கேட்டுவிட்டுக் கடைக்கோ ஆபீசுக்கோ வீட்டுக்கோ போங்கள். வியாபாரம் மும்முரமாக இருக்கும் நேரத்தில் போகாதீர்கள். ஜவுளிக் கடைக்காரரைத் தீபாவளிக்கு முந்தின வாரமும், ஆடிட்டரை வரிக் கணக்குத் தாக்கலின் கடைசி வாரமும் பார்க்கப் போனால் காபி கிடைக்கும், காது கிடைக்காது. முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். அவரை கிளப்பில் சேர்த்துவிட்டவர் உடன் வந்தால் ரொம்ப நல்லது.

போனதும் பணத்தைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். அவர் எதற்காக ரோட்டரிக்கு வந்தார், கிளப்பில் எந்தத் திட்டம் அவருக்குப் பிடித்தது என்று கேளுங்கள். பதிலைக் கவனித்துக் கேட்டால், பிறகு என்ன பேசவேண்டும் என்று அதிலேயே இருக்கும். ஒருவருக்குப் பள்ளிக்கூடம், ஒருவருக்குக் கண் சிகிச்சை, ஒருவருக்குத் தண்ணீர். ஃபவுண்டேஷனின் ஏழு கவனத் துறைகளில் அவர் மனம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

பிறகு தொகையைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். “ஏதோ உங்களால முடிஞ்சத பாத்து செய்யுங்கண்ணே” என்று சொன்னால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். பேச்சு இப்படிப் போகலாம்:

“அண்ணே, இந்த வருஷம் நம்ம கிளப்புல ஒருத்தர் விடாம எல்லாரும் ஃபவுண்டேஷனுக்குக் குடுக்கணும்னு நெனச்சிருக்கோம். நீங்க நூறு டாலர் குடுத்தா நல்லாருக்கும்.”

“நூறு டாலர்னா இப்ப எவ்வளவு தம்பி வரும்?”

“ஒரு ஒன்பதாயிரம்னு வச்சுக்கோங்கண்ணே. மாசத்துக்கு எழுநூத்தம்பது. மூணு மாசத்துக்கு ஒரு தடவையா கட்டலாம்.”

இதைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் யோசிக்கட்டும். அந்தச் சில விநாடி மௌனம் தாங்க முடியாமல், “இல்லண்ணே, ஐம்பது குடுத்தாக்கூட போதும்” என்று நீங்களே குறைத்துவிடக் கூடாது. அவர் ஐம்பது என்றால் மனதார வாங்கிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து என்றாலும் அப்படியே. எவ்வளவு என்பதைவிட, அவர் இந்த ஆண்டு கொடுத்தார் என்பது பெரிது. ஒருமுறை கொடுத்தவர் அடுத்த ஆண்டு கேட்கும்போது பாதி சம்மதத்தோடு இருப்பார்.

இன்னொன்று: டாலரை ரூபாயாக்கும் விகிதத்தை ரோட்டரியே மாதாமாதம் அறிவிக்கும். வங்கி விகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிறகு பத்து டாலர் குறைகிறது என்று திரும்பப் போய் நிற்கவேண்டாம். அந்த மாத ரோட்டரி விகிதத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

வழக்கமாக வரும் கேள்விகள்

“கிளப் டிரஸ்ட்டுக்குப் போன மாசம்தானே குடுத்தேன்?” தமிழ்நாட்டில் அதிகம் வரும் கேள்வி இதுதான். நம் ஊரில் பல கிளப்புகளுக்குச் சொந்த டிரஸ்ட் இருக்கிறது, அதற்குத் தனியாக 80ஜி வருமான வரிச் சலுகை வசதியும் இருக்கலாம். இரண்டும் வேறு என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். கிளப் டிரஸ்ட்டில் போட்ட பணம் போட்ட அளவுதான் இருக்கும், ஊரிலேயே செலவாகும், உடனே கண்ணுக்குத் தெரியும். ஃபவுண்டேஷனில் போட்டது தாமதமாக வரும், ஆனால் வேறு நாட்டுப் பணத்தையும் உலக நிதியையும் கூட்டிக்கொண்டு வரும். டிரஸ்ட்டைக் குறைத்துப் பேசாதீர்கள். அதற்காக உழைத்தவர்கள் அதே அறையில் இருப்பார்கள், அந்த உழைப்பும் உண்மையானது.

“பணம் எல்லாம் அமெரிக்காவுக்குத்தானே போகுது?” நாம் ரூபாயில் கொடுப்பது டெல்லியில் அலுவலகம் வைத்திருக்கும் ரோட்டரி ஃபவுண்டேஷன் இந்தியா என்ற அமைப்புக்குப் போகிறது. இங்கே நடக்கும் கிராண்ட் திட்டங்களுக்கு ரூபாயில் பணம் வருவதும் அங்கிருந்துதான். இந்தக் கேள்வி கேட்பவரை மட்டும் தவறாமல் ஒருநாள் கிராண்ட் திட்டம் நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். டயாலிசிஸ் வார்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான்கு மணி நேரச் சிகிச்சைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பஸ் பிடித்து வருகிறவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வரட்டும். கருவியின் பக்கவாட்டில் ரோட்டரிச் சக்கரமும் கிராண்ட் எண்ணும் ஒட்டியிருப்பதைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

“இந்த வருஷம் தொழில் சரியில்ல தம்பி.” இதற்குப் பதில் வாதம் கிடையாது. “பரவால்லண்ணே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, குடும்பம் பிள்ளைகள் பற்றி விசாரித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவரிடம் எப்போதும்போலப் பழகுங்கள்.

பணம் கட்டும்போது கவனிக்க வேண்டியவை

ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே கட்டட்டும். மை ரோட்டரியில் உள்நுழைந்து ஆன்லைனில் கட்டுவது எளிது. காசோலை என்றால் ரோட்டரி ஃபவுண்டேஷன் இந்தியா பெயருக்கு எழுதி, உறுப்பினர் எண், கிளப் எண், எந்த நிதிக்கு, பான் எண் எல்லாவற்றையும் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். எல்லோரிடமும் வாங்கி கிளப் கணக்கில் போட்டு மொத்தமாக அனுப்பினால், பணம் கட்டியது கிளப் என்று ஆகிவிடும். வரி ரசீதில் சிக்கல் வரும்.

80ஜி பற்றிக் கேட்பார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. பழைய முறையில் இருப்பவர்கள் 10பிஇ படிவச் சான்றிதழை வைத்துக் கோரலாம். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சான்றிதழ் கைக்கு வராது, ஆகவே கட்டும்போதே சரிபார்த்துவிடுங்கள். மற்றதை அவரவர் ஆடிட்டரிடம் விட்டுவிடலாம்.

எந்த மாதம் என்ன

ஜூலையில் போர்டோடு உட்கார்ந்து இலக்கை முடிவுசெய்து மை ரோட்டரியில் பதியுங்கள். ஆகஸ்டும் செப்டம்பரும் நேரில் பார்க்கும் மாதங்கள். அக்டோபர் 24 உலக போலியோ தினம். அந்த வாரக் கூட்டத்தில் பழைய முகாம் அனுபவங்களை மூத்தவர்கள் பேசட்டும். நவம்பர் ஃபவுண்டேஷன் மாதம். அதற்குள் பாதிப்பேர் கொடுத்து முடித்திருந்தால் நல்ல வேகம். வரிக்காகக் கொடுப்பவர்களை பிப்ரவரியிலேயே நினைவூட்டுங்கள், ஏனென்றால் மார்ச் 31க்குள் பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ரோட்டரி ஆண்டோ ஜூன் 30இல் முடிகிறது. ஜூன் கடைசி வாரத்தில் போன்மேல் போன் போட்டு வாங்குவது பல கிளப்புகளில் வழக்கமாகிவிட்டது. கொடுப்பவருக்கு அதில் எந்த மகிழ்ச்சியும் இருக்காது. அப்படி வாங்கிய பணம் அடுத்த ஆண்டு வராது.

ஒவ்வோர் உறுப்பினரும் குறைந்தது 25 டாலர் ஆண்டு நிதிக்குக் கொடுத்து, கிளப் சராசரி 100 டாலர் வந்தால், ‘எவரி ரோட்டேரியன் எவரி இயர்’ பேனர் கிடைக்கும். அதை இலக்காக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பெரிய நன்கொடையாளரை நம்பியிருப்பதைவிட எல்லோரும் கொஞ்சம் கொடுக்கும் கிளப் உறுதியாக நிற்கும்.

நன்றி சொல்வதை விட்டுவிடாதீர்கள்

பணம் கட்டிய செய்தி வந்த அன்றே போன் செய்து நன்றி சொல்லுங்கள். கூட்டத்தில் பெயர்களைச் சொல்லலாம். ஆனால் மொய் வாசிப்பதுபோலத் தொகையையும் சேர்த்துப் படிக்காதீர்கள்; குறைவாகக் கொடுத்தவர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

பி.எச்.எஃப். கௌரவத்தை வேறொருவர் பெயரிலும் கொடுக்கலாம். மனைவி, மகள், ஆசிரியர், நீண்ட நாள் வேலை பார்த்த ஊழியர் என்று யார் பெயரிலும். ஒரு நவம்பர் கூட்டத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவர் தன் அம்மாவின் பெயரில் கொடுத்தார். அந்த அம்மா மேடைக்கு வந்து, கழுத்தில் பதக்கத்தைப் போட்டதும் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல யாரு இது?” என்று கேட்டார். பால் ஹாரிஸ் என்று மகன் சொன்னதும், “நல்லாருக்கட்டும்” என்றார். அந்தப் பணத்தில் ஏதோ ஒரு பள்ளிக்குத் தண்ணீர் வரும் என்று விளக்கியபோது, பின்னை எடுத்துச் சேலையில் தானே குத்திக்கொண்டார். அன்று இரவே மேலும் இரண்டு உறுப்பினர்கள் அம்மா பெயரிலும் அப்பா பெயரிலும் கொடுப்பதாகச் சொன்னார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. ஆகவே பதக்கத்தையும் பின்னையும் கூரியரில் வந்த உறையோடு கையில் திணித்து அனுப்பிவிடாதீர்கள். குடும்பத்தை அழையுங்கள், ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கட்டாயப்படுத்தாதீர்கள்

ஃபவுண்டேஷனுக்குக் கொடுப்பது முழுக்க விருப்பத்தின் பேரில். உறுப்பினராகச் சேரவோ தொடரவோ அதை நிபந்தனையாக்கக் கூடாது என்பது ரோட்டரியின் விதி. சந்தாவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் யோசனை ஒவ்வோர் ஆண்டும் போர்டில் யாராவது ஒருவரிடமிருந்து வரும். உறுப்பினர் முன்கூட்டியே மனமொப்பிச் சம்மதித்திருந்தால் சரி. அப்படியில்லாமல் ரசீதில் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்புவதை நீங்கள் எதிர்க்க வேண்டும். இலக்கு எட்டியதா என்று டிஸ்ட்ரிக்ட்டில் கேட்பார்கள், டிஸ்ட்ரிக்ட் கவர்னர் வருகையின்போதும் கேட்பார்கள். உண்மை எண்ணைச் சொல்லுங்கள். பேனர் வராவிட்டாலும், நிம்மதியாகக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் மிஞ்சுவார்கள்.

ஜூன் மாதத்தில் அடுத்த சேர்மனோடு ஒரு மாலை உட்காருங்கள். யாரிடம் பேசினீர்கள், யார் எந்தத் திட்டத்தில் ஆர்வம் காட்டினார், யார் அடுத்த ஆண்டு என்று சொன்னார், யாருக்கு இன்னும் 150 டாலர் கொடுத்தால் பி.எச்.எஃப்., யாரிடம் பாயின்ட் மிச்சம் இருக்கிறது என்பதையெல்லாம் எழுதிய நோட்டை அவரிடம் கொடுங்கள். முடிந்தால் முதல் நான்கைந்து வீடுகளுக்கு நீங்களும் அவரோடு போங்கள்.